நாற்பத்து மூன்றாம் நிமிடக் கவசம்

“இன்னிக்கும் அந்த ஆளு குறை சொன்னாருன்னா, இந்தக் கவசத்தை அவர் தலையிலயே கவுத்திடுவேன். சொல்லிட்டேன்!”

மனைவி இஸ்திரிப் பலகையின் மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. தட்டைத் தாவிப் பிடித்தாள்.

மூன்று மாதமாக இந்த வீட்டில் சாப்பாடு இஸ்திரிப் பலகையில்தான். சாப்பாட்டு மேஜையை வில்லன் பிடித்துக்கொண்டுவிட்டான்.

வில்லன் என்றால் அவனுடைய தலைக்கவசம். ஏதோ பழைய விண்வெளிப் படத்தில் மாட்டிக்கொண்டு வருவானாம். இரண்டு கொம்பு. ரெசினில் வார்த்த வெறும் சாம்பல் கூடாக வந்து இறங்கியது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைவிட்டு வந்ததும் உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுவார். தேய்த்து, ப்ரைமர் அடித்து, வெள்ளி பூசி, வெள்ளியின் மேல் துரு பூசி...

“ஊர் உலகத்துல துருவைச் சுரண்டிட்டு பெயின்ட் அடிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் பெயின்ட் அடிச்சுத் துருவை வரவைக்கிறீங்க. பால்கனிக் கம்பியில நிஜத் துரு இருக்கே, என்னிக்காவது திரும்பிப் பாத்தீங்களா?”

“பாத்தேனே. அதைப் பாத்துதான் கலரே கலந்தேன்.”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கவசம் மேஜையைவிட்டு இறங்க ஒரே வழி, இப்படிப் படத்துப் பொருள்களைச் செய்கிறவர்களின் சங்கம் நடத்தும் கண்காட்சி. அதற்குச் சங்கத் தலைவர் வந்து பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும். அவருக்கு அவள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

நாலு ஞாயிறு வந்தார். நாலு தடவையும் ஃபெயில்.

முதல் ஞாயிறு, காதுக்குக் கீழே வார்ப்புக் கோடு தெரிகிறது என்றார். அடுத்து, துரு தப்பு. “மழைத் தண்ணி கீழதானே தம்பி வழியும்? உங்க துரு மாடிப்படி ஏறுதே!”

மூன்றாவது ஞாயிறு அவர் கேட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“இது எந்த நிமிஷத்துக் கவசம்?”

“என்ன சார்?”

“நாப்பத்து மூணாவது நிமிஷத்துல வில்லன் குதிரையிலேர்ந்து விழறான். அதுக்கு முன்னாடி கொம்புல கீறல் கிடையாது, பின்னாடி உண்டு. நீங்க பாதிக் கீறல் போட்டிருக்கீங்க. அப்ப என்ன, அவன் அந்தரத்துல இருக்கானா?”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கீறலை அடைக்க மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள்.

இன்று ஐந்தாவது ஞாயிறு. மணி நாலு அடித்தது, அழைப்பு மணியும் அடித்தது.

பூதக்கண்ணாடி மேஜையை மூன்று சுற்று சுற்றினார். கவசத்தை மேஜை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் இழுத்துவைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, அதன் தாடையைப் பார்த்தார். அவள் வழக்கம்போல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கடைசியில் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

“குறை... ஒண்ணும் இல்ல தம்பி.”

சாவுச் செய்தி சொல்கிற குரல்.

“பாஸா சார்?”

“பாஸ்.”

கணவர் துள்ளிக் குதித்து, வார்னிஷ் எடுக்க பால்கனிக்கு ஓடினார். மனைவி மனதுக்குள் மேஜைக்குப் புது விரிப்பே விரித்துவிட்டாள்.

பூதக்கண்ணாடி கிளம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தார். உறையில் போட்டார். திரும்ப எடுத்துத் துடைத்தார்.

பேசாமல் இருக்கவும் முடியாமல் அவள் கேட்டாள். “சங்கத்துல மொத்தம் எத்தனை பேர் சார்?”

“பதினாலு பேரும்மா. எல்லாரும் பாஸாயிட்டாங்க. தம்பிதான் பாக்கியா இருந்தாரு.”

“அவங்கல்லாம் உங்களைப் பாக்க வருவாங்களா?”

“எதுக்கு வரணும்? அதான் பாஸாயிட்டாங்களே.”

“அப்ப அடுத்த ஞாயிறு எந்த வீடு?”

அவர் பையிலிருந்து டைரியை எடுத்துப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

“எங்க வீடுதான்.”

“வீட்ல யாரு இருக்கா?”

“ரெண்டு ரோபோ. ஒரு டைனோசர் தலை.”

கணவர் வார்னிஷ் டப்பாவைக் கடகடவென்று குலுக்கிக்கொண்டே வந்தார். “தள்ளிக்கோ, தள்ளிக்கோ! இது மட்டும் ஏறிட்டா, அப்புறம் யார் தலைகீழா நின்னாலும் ஒரு புள்ளி மாத்த முடியாது!”

“இருங்க. ஒரே தூசியா இருக்கு.”

மனைவி பக்கத்தில் கிடந்த, பெயின்ட்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியை எடுத்தாள். இடது கொம்பை அடியிலிருந்து நுனிவரை அழுத்தி ஒரே இழுப்பு.

கொம்பு பாத்திரக்கடை மாதிரி பளபளத்தது.

லிஃப்ட் கயிறு அறுந்தபோதுகூட கணவர் அப்படிக் கத்தியதில்லை.

பூதக்கண்ணாடி நாற்காலியிலிருந்து எகிறினார். “அம்மா! தூசி இல்லம்மா அது, துரு!”

“ஐயையோ! எனக்கென்ன சார் தெரியும்?”

“ஒரு கொம்பு துரு, ஒரு கொம்பு பளபளப்பா? பாஸ் வாபஸ்! தம்பி, அழாதீங்க. கண்காட்சிக்கு ஒரு மாசம் இருக்கு. மூணு பூச்சு போடணும். ஒவ்வொரு பூச்சையும் நான் நேர்ல வந்து பாத்தாகணும்!” டைரியில் அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கே வந்துடுங்க சார். டீ போட்டு வைக்கிறேன்.”

அவர் விசிலடித்துக்கொண்டே படி இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவுகிறார் போலிருந்தது.

கணவர் வழுக்கைக் கொம்பைத் தடவியபடி நிமிர்ந்தார். “மூணு மாசமா கூடவே இருந்து பாக்கறே. துருவுக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?”

“தெரியும்,” என்றாள் அவள். “அதனாலதான் வார்னிஷ் ஏறறதுக்கு முன்னாடி துடைச்சேன்.”