உப்புப் பார்க்கக் கூடாது

அடுப்படியில் ஜெயராமன். பக்கத்தில் போனைப் பிடித்தபடி அவர் மகள் அனுஷா. முன்னறையில் சுவரோடு சாய்ந்து அவர் மனைவி தனலக்ஷ்மி. அவளுக்கு எதிரே, காலை ரயிலில் கோலார் தங்கவயலிலிருந்து வந்திறங்கிய ஜெயராமனின் அக்கா மங்களம்.

வரவேண்டியவன் பிரசன்னா.

ஈஜிபுராவில் இரண்டாம் மாடி வீடு. நான்கு பேர் இருந்தாலே இடித்துக்கொள்ளும். அன்றைக்கு யாரும் அதிகம் பேசாததால் வீடு பெரிதாகத் தெரிந்தது.

ஜெயராமன் வெங்காயத்தை விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கினார். அறுபது வயதில் முதல்முறையாக எண்ணெய்ச் சட்டி வைக்கிறார்.

"நைனா, ஆர்டர் போட்டா பத்து நிமிஷத்துல கொண்டாந்து குடுத்துடுவான். எதுக்கு இந்த ரோதனை?" என்றாள் அனுஷா.

"கடையில வாங்குனா கண்டுபுடிச்சிடுவான். அவனே கடையில சுடறவன்."

பிரசன்னா டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு, கோரமங்களாவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவன். முதல் வார லீவுக்கு வந்தபோது வீட்டில் வெங்காய வளையம் பொரித்தான். ஒரு தட்டு நிறைய அடுக்கி அப்பா முன்னால் வைத்தான்.

ஜெயராமன் தொடவில்லை.

"ஓட்ட போட்ட பஜ்ஜி. இதுக்காடா உன்னப் படிக்க வெச்சேன்?"

ஒன்றே ஒன்று வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னான் பையன். ஜெயராமன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு தொம்மலூரில் நண்பனின் அறைக்குப் போய்விட்டான். அவன் முதல் படியில் கால் வைப்பதற்குள் ஜெயராமன் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கீழ்வீட்டுக்கே கேட்டது. அவனுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

அதாகி நான்கு மாதம். அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவன் பொரித்ததை அனுஷா வீடியோ எடுத்து வைத்திருந்தாள். கைகள் மட்டும்தான் தெரியும், குரல் கேட்கும். மைதா இவ்வளவு, சோள மாவு இவ்வளவு, தண்ணீர் ஐஸ்போல இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிவதற்குச் சற்று முன்பே அனுஷா அதை நிறுத்தினாள். அதற்கப்புறம் அப்பாவின் குரல் வரும்.

முதல் ஈடு கெட்டது. மாவு ஒரு பக்கம் கழன்று மிதந்தது, வெங்காயம் ஒரு பக்கம் மொட்டையாக வெந்தது.

அனுஷா வீடியோவைப் பின்னால் நகர்த்தினாள்.

"உள்பக்கம் ஒரு ஜவ்வு இருக்கும் பாரு. அத்த எடுக்கலேன்னா மாவு நிக்காது" என்றது பிரசன்னாவின் குரல்.

ஜெயராமன் முப்பது வருடம் அடுகோடியில் லேத் ஓட்டியவர். இரும்பு வளையத்தில் பிசிறு எடுத்த விரல்கள். ஒவ்வொரு வெங்காய வளையமாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடிபோல் ஒட்டியிருந்த ஜவ்வை நகத்தால் உரித்தார். ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆனது. கண்ணில் நீர் வடிந்தது. வெங்காயம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ஈடு நின்றது. எண்ணெயில் குமிழி அடங்கியதும் எடுத்தார். பொன்னிறம். வீடியோவில் இருந்த அதே நிறம்.

உப்புப் பார்க்க அனுஷா ஒன்றை எடுத்தாள்.

"ஏய், வாயில வெக்காத!" முன்னறையிலிருந்து மங்களத்தின் குரல் வந்தது. "அவன் சாப்பிட்ட பொறகுதான் நம்மளுக்கு."

அனுஷா திரும்ப வைத்துவிட்டாள்.

காலையிலிருந்து ஜெயராமன் ஒன்றும் சாப்பிடவில்லை. அவருக்கும் ஒன்றை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அன்றைக்குத் தட்டு நிறைய இருந்தது, வேண்டாம் என்றார். இன்றைக்குக் கூடாது.

ஒரு வளையத்தைக் காதருகே கொண்டுபோய் உடைத்தார். மொறுக்கென்றது. உப்பு எப்படி என்று தெரியவில்லை. அவன் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"பொழுது சாயுதுடா தம்பி. எடுத்துனு வா, நமுத்துடப் போவுது" என்றாள் மங்களம்.

பெரிய வளையம் அடியில், சிறியது மேலே என்று, அவன் அடுக்கியதுபோலவே தட்டில் அடுக்கினார். ஆவி அடங்குவதற்குள் முன்னறைக்குக் கொண்டுபோனார்.

தனலக்ஷ்மி விளக்கை ஏற்றியிருந்தாள். தலைவாழை இலையில் சோறு, குழம்பு, வடை, லட்டு. ஓரமாக ஒரு டம்ளர் தண்ணீர். இலைக்குப் பின்னால், சாமந்தி மாலைக்குள், பிரசன்னா. ஓட்டல் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். தலையில் வெள்ளைத் தொப்பி.

பதினாறாம் நாள்.

ஜெயராமன் தட்டை இலையின்மேல் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை.

"வாங்க எல்லாரும் வெளிய" என்றாள் மங்களம். "நம்ம நின்னுனு இருந்தா கொழந்த வரமாட்டான்."

அனுஷா அம்மாவைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். மங்களம் பின்னால் போனாள். மூன்று பேரும் மாடிப்படியில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள்.

கடைசியாக ஜெயராமன் வந்தார். காற்றடித்தால் திறந்துகொள்ளும் கதவு அது, வெறுமே சாத்தினால் நிற்காது.

மெல்ல இழுத்துச் சாத்தினார். நாதாங்கி கதவில் இடிக்காமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, உள்ளே சத்தம் கேட்காதபடி பூட்டினார்.