புள்ளி காட்டிய இடம்

"பொய் சொல்லாதீங்கக்கா. என் பொண்டாட்டி இங்கதான் ஒளிஞ்சிருக்கா."

சுகுமாரன் தன் கைபேசியை நவமணியின் மேசைமேல் வைத்தான். திரையில் பாடாங் செராய் கடைவீதி தெரிந்தது. தையல் கடைக்கு மேலே, இதே மாடியில், ஒரு பச்சைப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி இது?"

"காஞ்சனா போன்ல நான் போட்டு வச்ச ஆப். அவ எங்க போனாலும் காட்டிக் குடுத்துரும். யாருக்கு என்ன மெசேஜ் அனுப்புறான்னுகூட எனக்கு வந்துரும்லா." பரிசு வாங்கியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா போட விடுவாளா?"

நவமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. கைபேசியிலும் இணையத்திலும் துன்புறுத்தப்படும் பெண்களுக்காகப் போலீஸ், டாக்டர், வக்கீல், தங்க ஓர் இடம் என்று எல்லாவற்றையும் ஓடியாடி ஏற்பாடு செய்வதுதான் அவள் வேலை. எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருநாளும் ஒரே நேரத்தில் கிடைக்கமாட்டார்கள் என்பது அவளுடைய நிரந்தரப் புலம்பல்.

காஞ்சனா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி நான்கு நாள் ஆகிறது. அவள் தங்கைக்கு அனுப்பிய படங்களைத் திருடி, அவள் வேலை செய்யும் பேக்டரியின் வாட்சப் குழுவிலேயே போட்டு, அவள் மானத்தைச் சந்தி சிரிக்க வைத்த புண்ணியவான் இவன்தான். இவனை நினைத்தாலே நவமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் இன்று அவள் குரலில் தேன் ஒழுகியது.

"கோவப்படாதீங்க தம்பி. தே தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணியெல்லாம் வேணாம். அவள வெளிய வரச் சொல்லுங்க. வந்துதான ஆகணும்? அவ ஐ.சி., புள்ளையோட பர்த் செர்ட் எல்லாம் என் வீட்டு பீரோவுலதான் கெடக்கு. எப்படி வந்து எடுக்கிறான்னு பாக்குறேன்னு நாலு நாளா வாசல்லயே ஒக்காந்திருந்தேன். சோறுகூட ஆள் விட்டுத்தான் வாங்குனேன்."

அது உண்மைதான். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் காஞ்சனாவால் ஒரு வாடகை வீடு பார்க்க முடியவில்லை, பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கவும் முடியவில்லை.

"அப்புறம் எப்படி இங்க வந்தீங்க?"

"மூணு நாளா செத்துக் கெடந்த புள்ளிக்கு இன்னிக்குக் காலைலதான் உயிர் வந்துச்சு. பாத்த ஒடனே காடிய எடுத்து ஓட்டிட்டு வந்துட்டேன்."

"சிடாம் கிரி வீட்டுலேர்ந்தா? இந்த வெயில்லயா?" நவமணி உச்சுக் கொட்டினாள். "சரி, இங்க வர்றவங்க எல்லாரும் இந்தப் புத்தகத்துல எழுதணும். பேரு, ஐ.சி. நம்பரு, காடி நம்பரு, வந்த காரணம். கொஞ்சம் தெளிவா எழுதுங்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். காடி நம்பர் புரியவில்லை என்று அவள் திரும்ப எழுதச் சொன்னாள். அதையும் எழுதிவிட்டு எழுந்தான். சமையல் மூலையைப் பார்த்தான், கழிப்பறையைப் பார்த்தான், மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான்.

கடைசியில் ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பினான். நவமணி சட்டென்று எழுந்து போய் அந்தக் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இது வேணாம் தம்பி. உள்ள பழைய நாற்காலிங்கதான் இருக்கு."

"அப்ப ஏன் பூட்டி வச்சிருக்கீங்க? தொறங்க!"

கொத்தில் இருபது சாவிக்குக் குறையாது. அவள் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாள். இரண்டு முறை கொத்து கைதவறிக் கீழே விழுந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சுகுமாரன் கதவில் காதை வைத்துக் கேட்டான்.

"காஞ்சனா! சத்தம் காட்டாம இருந்தா விட்டுருவேன்னு நெனைக்காத!"

ஒருவழியாகக் கதவு திறந்தது. உள்ளே நிஜமாகவே பழைய நாற்காலிகள்தான் இருந்தன. அலமாரித் தட்டில் காஞ்சனாவின் கைபேசி மட்டும் சார்ஜரில் மாட்டியபடி கிடந்தது. நூறு சதவீதம் காட்டியது.

"போன இங்க போட்டுட்டு எங்க போனா?"

"அடடா, மறந்துட்டாளா?" நவமணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "போன் இல்லாம இந்தக் காலத்துல யாரால இருக்க முடியும் தம்பி? எடுக்க எப்படியும் வருவா. ஒக்காருங்க."

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான். முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"இப்ப அந்தத் தே தண்ணியக் குடுங்கக்கா. சீனி கொஞ்சம் கூடவே போடுங்க."

பாதிக் கோப்பை குடித்திருப்பான், நவமணியின் கைபேசி அடித்தது. அவள் ஜன்னல் ஓரமாகப் போய்க் காதில் வைத்தாள்.

மறுமுனையில் காஞ்சனாவுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, ஐ.சி.யும் பர்த் செர்ட்டும் பீரோவுலேயே இருந்துச்சு, எடுத்துட்டேன். போலீஸ்காரம்மா கூடவே நிக்கிறாங்க. துணிமணியெல்லாம் லாரில ஏத்தியாச்சு. நீங்க இனிமே அவர வீட்டுக்கு அனுப்பிடலாம்க்கா."