சாத்தாத கதவு

"ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டுட்டுப் போனது யாருடி?"

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவளுக்குக் கதவைச் சாத்துகிற பழக்கம் கிடையாது. ஃப்ரிட்ஜ், பீரோ, குளியலறை, வாசல், எதுவானாலும் திறப்பாள், அப்படியே போய்விடுவாள். பதினைந்து வருஷமாகக் கரடியாய்க் கத்துகிறேன்.

"மறந்துட்டேன்மா" என்றாள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயசு. அவளுக்கு அக்கா விளையாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விளையாட்டா அது? ஒரு கோட்டையையே கட்டி ஆள வேண்டும். பார்க்கிற எனக்கே தலை சுற்றியது.

"முதல்ல கிணறு வெட்டு. அப்புறம் வயல். ஆளுங்களுக்குச் சாப்பாடு போடலேன்னா வேலையை விட்டுட்டுப் போயிடுவாங்க."

"மொத்தம் எத்தனை பேரு?"

"இருபது. மழைக்காலம் வர்றதுக்குள்ள தானியம் சேர்த்துடணும். மணி அடிச்சா எதிரி வர்றான்னு அர்த்தம். உடனே வில்லாளிங்களை மதில் மேல ஏத்திடு."

மணி அடித்தது. வில்லாளிகள் ஏறினார்கள்.

"அக்கா, கோட்டைக் கதவு?"

"ஐயோ, ஆமால்ல."

அதற்குள் எதிரி உள்ளே நுழைந்து தானியத்தையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டான். நான் சொல்லித் திருந்தாதவள், அவனால் திருந்தினால் சரி என்று அடுப்படிக்குப் போனேன்.

ஒரு வாரம் இப்படிச் சொல்லிக்கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் பொறுமை.

"இனிமே நீயே ஆன்லைன்ல ஆடிக்கோ. நான் படிக்கணும்" என்று தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டில் ஒரு கதவையும் சாத்தாதவளுக்கு, தங்கச்சியைத் தனியாக விட்டுவிட்டுப் போகும்போது மட்டும் சாத்தத் தெரிகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருக்கிறது. தபால் ஆபீஸில் மாற்றல் கிடைத்து நாங்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று மாசம் ஆகிறது. வருஷ நடுவில் போய்ச் சேர்ந்த சின்னவளை வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. இடைவேளையில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் டீச்சரே கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளையை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது என் உத்தியோகம்தான். ஆபீஸில் முத்திரை குத்தும்போதுகூட அதே நினைப்பு.

பெரியவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பழைய ஊரில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த அவள் போன்கூட இங்கே வந்தபிறகு வாயைத் திறப்பதில்லை. அந்த மட்டும் நிம்மதி.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், வழக்கம்போல ஆறு மணிக்கு அறைக்கதவு சாத்திக்கொண்டது. ஹாலில் சின்னவள் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால்.

"தனியாவாடி ஆடறே?"

"இல்லம்மா. மரங்கொத்தின்னு ஒரு ஃப்ரெண்ட். தினமும் வரும். ரெண்டு பேருக்கும் ஒரே கோட்டை."

"மரங்கொத்தியா? யாரு, எந்த ஊரு?"

"அதெல்லாம் கேட்கலம்மா."

முகம் தெரியாத யாரோ, பேர்கூடச் சொல்லாத யாரோ, என் பிள்ளையோடு தினமும் பேசிக்கொண்டிருக்கிறான். கூடப் பிறந்தவள் உள்ளே ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அறைக்கதவைத் தள்ளினேன்.

"ஏன்டி, உனக்குக் கொஞ்சமாவது..."

பெரியவள் பதறிப்போய் வாயில் விரலை வைத்தாள். மடியில் லேப்டாப். அதில் ஹாலில் பார்த்த அதே கோட்டை, அதே கிணறு. மூலையில் ஆடுகிறவர் பேர்: மரங்கொத்தி.

"நீயா?"

"மெதுவா பேசும்மா, அவளுக்குக் கேட்டுடும்."

"கூட உட்கார்ந்து ஆடினா என்னடி?"

"அக்காகூட ஆடினா அது ஃப்ரெண்டு கணக்குல வராதாம். அவளே சொன்னா. இப்ப ஸ்கூல்ல போய், எனக்கும் ஒரு ஃப்ரெண்ட் இருக்குன்னு சொல்லிக்கிறா. கெடுத்துடாதம்மா."

இத்தனை நாள் இவளைக் கரித்துக்கொட்டியதெல்லாம் திரும்பி வந்து என்னையே குத்தியது. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். வெளியே வந்து, சத்தம் போடாமல் கதவை நானே சாத்தினேன்.

ஹாலில் விளையாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. சின்னவள் மவுஸைப் பிடித்து அவசரமாக எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"கோட்டைக் கதவைச் சாத்தறேன். மரங்கொத்தி திறந்து போட்டுட்டு வயலுக்குப் போயிடுச்சு."

"தினமுமா?"

"தினமும்."

எதிரி திரும்பிப் போனதும் மவுஸை விட்டாள். அப்புறம் அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அது அக்காதானேம்மா. எனக்கு மொத நாளே தெரியும்."



"தெரிஞ்சுமா தெரியாத மாதிரி இருக்கே?"

"சொல்லிட்டா அவ விளையாட வரமாட்டா. அப்புறம் அந்த ரூம்ல தனியா என்ன பண்ணுவா, பாவம். அவளுக்கு இந்த ஊர்ல யாரும்மா இருக்கா?" என்றவள், திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அவ போன்கூட இப்பெல்லாம் அடிக்கறதே இல்ல. நீ கவனிக்கலியா?"