கோரைக்குள் ஓர் எதிரி

ஆர்வின் போனில் குருவிப் பாட்டைப் போட்டதுதான் தாமதம், கோரைக்குள்ளிருந்து சிவப்புத்தோள் கருங்குருவி வெடுக்கென்று பதில் பாடியது. எங்கோ ஒரு நாயும் குரைத்தது.

கேமராவைத் தூக்கினார். ம்ஹூம், ஒரு கோரைகூட அசையவில்லை.

"வெளிய வந்து தொலையேன், ராசா! ஒரே ஒரு படம்."

வருடா வருடம் ஏப்ரலில், அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனி உருகியதும், முதல் கருங்குருவியை அவரும் மனைவி டெலோரஸும் சேர்ந்துதான் போய்ப் பார்ப்பார்கள். இந்த வருடம் இடுப்பெலும்பு முறிந்து அவள் படுத்த படுக்கை. "படமாவது எடுத்துட்டு வாங்க" என்று ஏக்கமாகக் கேட்டிருந்தாள்.

அதற்காகத்தான் இந்தத் திருட்டு வேலை. பதிவு செய்த பாட்டைக் கேட்டால், தன் இடத்தைப் பிடிக்க வேறொரு ஆண் வந்துவிட்டது என்று குருவி பதறியடித்து வெளியே வரும். அவர் இருக்கும் பறவை ஆர்வலர் சங்கத்தில் அது பெருங்குற்றம். போன வருடம் ஒருவர் இப்படிச் செய்தார் என்று தலைவி வெர்னா அவரை எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்துச் சங்கத்தை விட்டே நீக்கினார்.

மறுபடி போட்டார். மறுபடி பதில், மறுபடி அந்த நாய். கூடு கட்டுகிற இடத்துக்கு எந்தப் புண்ணியவான் நாயைக் கூட்டிவந்தானோ என்று எரிச்சலாக இருந்தது.

காலை முழுக்க இதே கதை. இரை தேடக்கூடப் போகாமல், இல்லாத எதிரியோடு அது தொண்டை கிழியக் கத்துகிறதே! அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

சற்று நேரத்தில் கோரை விலகியது. கழுத்தில் கேமராவும் காலில் ரப்பர் பூட்ஸுமாக வந்து நின்றவர் வெர்னா.

"ஏப்பா ஆர்வின், நீ... நீ எப்ப வந்தே?"

அந்த முகத்தைப் பார்த்ததும் ஆர்வினால் தாங்க முடியவில்லை.

"வெர்னா, என்னையும் சங்கத்தை விட்டுத் தூக்கிடுங்க. டெலோரஸுக்கு ஒரு படம் வேணும்னு, பாட்டைப் போட்டுப் போட்டு அந்த ஜீவனை வதைச்சுட்டேன். பாவம், ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிச்சு."

வெர்னா பதறிப்போய்க் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். விரல் எதையோ அழுத்திவிட்டது.

பைக்குள்ளிருந்து கருங்குருவி வெடுக்கென்று பாடியது. பின்னாலேயே, அதே பைக்குள்ளிருந்து, அந்த நாயும் குரைத்தது.

"அடப்பாவி," என்றார் வெர்னா, "இவ்வளவு நேரமும் என்கூட மல்லுக்கு நின்னது நீதானா?"