அரக்கியின் தீவு

மழையில் நனைந்து வந்த கணவர் வாசலைத் தாண்டுவதற்குள் மனைவியின் குரல் பாய்ந்து வந்தது.

"ஈரக் காலோட உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அடுத்த நொடியே குரல் துள்ளியது. "என்னங்க, நான் விளையாடற கேமுக்குப் புதுசா ஒரு தீவு வந்திருக்கு! டவுன்லோட் பண்ணட்டுமா?"

அவர் முகம் மாறியது. "வேண்டாம். தண்டச் செலவு."

"கடைசியில ஒரு அரக்கி வர்றாளாம்! அவ வாயைத் திறந்தாலே எல்லாரும் நடுங்கறாங்களாம்!"

"காசு கொடுத்து வாங்கின கேமுக்கு மறுபடியும் காசா? பகல் கொள்ளை! அதுல இருக்கறதெல்லாம் நமக்கு வீட்டுலயே கிடைக்குது."

"வீட்டுல அரக்கிக்கு எங்க போறதாம்?" என்று சிரித்தபடியே வாங்கிவிட்டாள்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. படகு ஓட்டினாள், பாலத்தைத் தகர்த்தாள், சோபாவில் ஏறிக் குதித்தாள். அவரோ சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

"ஓடி வாங்க! அரக்கியோட குகைக்கு வந்துட்டேன்!"

அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். திரையில் குகை அதிர்ந்தது. நெருப்பைக் கக்கியபடி அரக்கி கர்ஜித்தாள்.

"ஈரக் காலோட உள்ள வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "ஆபீஸ்ல ஏதோ கேமுக்கு வசனம் எழுதறேன்னு மாசக்கணக்கா சொன்னீங்களே, அது இதுதானா?"

அவர் கரண்டியோடு சமையலறைப் பக்கம் நழுவப் பார்த்தார்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதே!" என்று அரக்கி அடுத்த நெருப்பைக் கக்கினாள்.

"நீங்க சொன்னது நிஜம்தாங்க, பகல் கொள்ளையேதான்," என்றாள் மனைவி. "என் பேச்சை எனக்கே வித்திருக்கீங்க!"