இந்த வருஷக் கடைக்குட்டி

"ஏறு, நாற்காலியை நான் பிடிச்சுக்கறேன்" என்றார் டிரைவர்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவர் கையில் கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் வைக்கிற நட்சத்திரம். வீட்டிலேயே வயதில் சின்னவர்தான் அதை வைக்க வேண்டும் என்பது அவருடைய அப்பா போட்ட சட்டம். கல்யாணமான புதிதில் அவர் தம்பி வைத்தான். பிறகு பிள்ளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு வைத்தார்கள். போன வருஷம் வரை கடைக்குட்டி மகள் வைத்தாள். அவளும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட, வீட்டில் இப்போது இரண்டே பேர்.

"முட்டி வலிக்குதுங்க. நீங்களே வெச்சிடுங்க" என்றாள் மனைவி.

"காலையில பரண்ல ஏறி மரத்தை இறக்கினது யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா?"

"அடுப்புல பால் இருக்கு."

"அதைத்தான் அப்பவே காப்பி போட்டுக் குடிச்சாச்சே!"

அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனாள். அது சரியாகத்தான் இருந்தது. டிரைவருக்கு மண்டையைக் குடைந்தது. எந்த வேலைக்கும் முந்திக்கொண்டு வருகிறவள், இதற்கு மட்டும் ஏன் நழுவுகிறாள்?

போன் அடித்தது. மகள்தான். "அப்பா, அம்மா நட்சத்திரம் வைக்கறதை போட்டோ எடுத்து அனுப்புங்க!"

போனை வைத்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"சின்ன வயசுல எனக்குக் கிறிஸ்துமஸ்னா புதுச்சட்டை. கல்யாணமான வருஷம், நீ. அப்புறம் பிள்ளைங்க போட்ட கூச்சல். இப்போ இந்த நட்சத்திரமும் நீயும்தான் மிச்சம். உனக்கும் மனசு விட்டுப்போச்சா?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, அப்படி இல்லைங்க. மத்த எதுலயும் சமாளிச்சிடுவேன். இதைக் கையில வெச்சுக்கிட்டுப் பொய்யா நிக்க மனசு வரலை."

"என்ன பொய்?"

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். இத்தனை வருஷம் மறைத்ததைக் கேட்டு மனுஷன் என்ன சொல்வாரோ என்ற பயம் அவளுக்கு.

"கல்யாணப் பேச்சப்போ எங்கப்பா என் வயசுல மூணைக் குறைச்சுச் சொல்லிட்டார். இந்த வீட்டுல சின்னவர் நீங்கதாங்க."

டிரைவர் அவளையே பார்த்தார். நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறினார்.

"நல்லா கெட்டியாப் பிடிச்சுக்கங்க, அக்கா!"