வெள்ளை வட்டம்

எண்ணெய் வியாபாரி யார் இறந்தாலும் போடுவதுபோல, கனகவேலின் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலும் எண்ணெய் வியாபாரிகள் சங்கத்தின் செக்குச் சின்னத்தை அச்சகத்தார் போட்டுவிட்டார்கள். கலப்படத்துக்காக நீக்கப்பட்டவர் பெயரோடு அந்தச் சின்னம் எங்கும் வரக்கூடாது. விதியை எழுதியவர் தலைவர் தவசிலிங்கம். அதன்படி அவர் முதலில் நீக்கியது தம்பி கனகவேலைத்தான்.

“செத்தவருக்கு என்ன விதி, அண்ணாச்சி? இருந்துட்டுப் போட்டும்” என்றார் செயலாளர்.

“தலைவர் வீட்டுக்குன்னா சலுகைன்னு நாளைக்கு ஊரு பேசணுமா? வெள்ளைத் தாளும் கத்தரியும் கொண்டாரும் வே.”

பந்தலில் உட்கார்ந்து, தாளை வட்ட வட்டமாக வெட்டி, பசை தடவி, தம்பியின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சுவரொட்டியிலும் அவரே ஒட்டினார். தம்பி மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

“தூக்குறதுக்கு முந்தி இன்னொரு தடவை வெளியே தள்ளியாச்சா, அத்தான்?”

பசையில் ஊறிய தாளுக்கு அடியிலிருந்து செக்கு மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தது. அதன்மேல் அவர் இன்னொரு வட்டத்தை வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். அதுவும் ஊறியது.